கோழிக்கூட்டின் கண்டக்டர்

தம்பகஹவெவ,
புதன்கிழமை.

அன்பு மகள் உபேக்ஷாவுக்கு,

புத்தம், தம்மம், சங்கம் எனும் மும்மணிகளின் காவல் உன்னை ஒரு நாளும் விட்டு நீங்காதிருக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் நலம். போன வருஷம் முழுக்க இந்த வரிக்கு வரும்போது என் பேனா கொஞ்சம் தயங்கும், இந்த முறை தயங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பந்துமதி மாமியின் மருமகள் வருகிற வாரம் சைப்பிரஸுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபட நான் என்னத்தைச் சொல்ல, அதுவும் நான் சொல்லப்போவதில் பாதி சிரிப்பு, பாதி அழுகை. நீ கடிதத்தைப் பிரித்ததும் நெஞ்சு படபடக்கக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பேசுகிறார் மகளே. வாய் திறந்து பேசுகிறார், நேற்று என்னைத் திட்டக்கூடத் திட்டினார். இனி நிதானமாக உட்கார்ந்து படி, நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவி தூங்கும் நேரமாகப் பார்த்து.

நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், அப்பாகிட்ட குடுங்கம்மா, ஒரு உம் மட்டும் சொல்லச் சொல்லுங்க என்று கெஞ்சுவதும், நான் போனை அவர் காதில் வைப்பதும், அவர் தட்டிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விடுவதும், இந்த வீட்டில் ஒரு வருஷ வழக்கமாகிவிட்டது. நீ வெளிநாடு போவது அவருக்குப் பிடிக்கவில்லை, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன்னை வழியனுப்பும்போதும் முகம் கொடுக்காமல் நின்றார், அந்தக் கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று நீ நினைத்து நினைத்து அழுதாய். கோபமில்லை, கோபமில்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் நீ நம்பவில்லை. போன மாசம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், காலில் விழுந்தாவது பேசவைக்கிறேன் என்று சொன்னாயே, அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போன பிறகு அவருக்கு வந்த வாதம் காலையும் கையையும் பாதி விட்டது, சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டது. நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்கும் அந்தப் பெண், சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு அம்மா, கதவுதான் இறுகிப்போச்சு, பேசப் பேச இளகும் என்றாள். இவர் பேசினால்தானே. சந்திக் கடையில் ஒரு நாள் மீன் டின் கேட்கப் போய் வாயில் ஜன்னல் என்று வந்துவிட்டது. ஒரு ஜன்னல் குடு என்றாராம். அங்கே நின்ற ஒருத்தன், எந்தப் பக்கத்து ஜன்னல் வேணும் ஐயா, வெயில் படாத பக்கமா என்று கேட்க, கடையே சிரித்திருக்கிறது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக ஊரையே அதட்டி ஏற்றி இறக்கிய மனுஷன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாயை மூடியவர்தான். என்னிடம்கூடக் கைச்சாடைதான்.

இப்படி இருக்கும்போதுதான் வெசாக் பண்டிகை முடிந்த கையோடு வில்பட் மாமா வந்தார். அப்பாவோடு அதே பஸ்ஸில் டிரைவராக இருந்தவர், உனக்குச் சொல்ல வேண்டுமா, சின்ன வயசில் அவர் மடியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்துப் பேட்டரியைத் தீர்த்தவள் நீ. கையில் ஒரு பிஸ்கட் பெட்டி, சுற்றிலும் ஓட்டை, உள்ளே கீச்சு கீச்சு என்று சத்தம். பெட்டியை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, இந்தா திலக்க, பென்ஷன் வாங்கிட்டுச் சும்மா குந்திக்கிட்டு இருக்கியே, உனக்குப் பத்துப் பயணிங்க கொண்டாந்திருக்கேன், டிக்கெட் கேக்காத, எல்லாம் சின்னப் பிள்ளைங்க என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோழி வளர்த்து நமக்குப் பழக்கமா, வீட்டில் ஒரு நோயாளியைப் பார்ப்பேனா இந்தப் பத்தையும் பார்ப்பேனா என்று கத்தினேன். வில்பட் மாமா அசையவில்லை. தங்கச்சி, பத்தும் பெட்டை, நானே ஒண்ணு ஒண்ணா வாலத் தூக்கிப் பாத்துப் பொறுக்கினேன், ஆறு மாசத்துல நீ முட்டைய வைக்க எடமில்லாமத் தவிப்பே என்றார். பஸ் ஓட்டுகிறவனுக்குக் குஞ்சின் வாலுக்கடியில் என்ன தெரியும் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாட்கள் பட்ட பாடு இருக்கிறதே. பெட்டியைச் சமையலறை மூலையில் வைத்து மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டோம், பல்பு தாழ இருந்தால் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு ஓடுகின்றன, உயர இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்குகின்றன. கயிற்றை ஏற்றுவதும் இறக்குவதுமாக அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு குஞ்சு தலைகுப்புற விழுந்து குளிரில் விறைத்துப்போனது, அதை நான் செத்தது என்று வெளியே எடுத்துப் போகப் பார்த்தேன், அவர் பிடுங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பல்பின் அடியில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள் கீச்சென்றது. அன்றிலிருந்து கிண்ணத்துக்குள் கூழாங்கல் போட்டு வைக்கிறோம், கல்லுக்கு நடுவே அலகு மட்டும் நுழையும். கால்நடை ஆபீஸுக்குப் போய் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து வாங்கி வந்தேன். குருணை, தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு எல்லாம் கலந்து கொடுத்தோம், தோட்டத்துக் கரையான் புற்றிலிருந்து அவர் ஒரு கட்டியைப் பெயர்த்து வந்து போட்டால் அதற்குத்தான் அடிபிடி. பிறகு பலா மரத்தடியில் மூங்கில் பிளந்து கூடு கட்டினார்கள், கீரி தோண்டி வராமலிருக்க அடியில் கல் பாவி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், ஏறிப்போக ஒரு பலகை வைத்து. எல்லாம் வில்பட் மாமா பேசப் பேச, அப்பா பேசாமல் ஒரு கையால் செய்தது. எனக்கு அப்போதே ஒரு ஆறுதல், அவர் கிணற்றடியில் போய் மரமாக நிற்பதை விட்டுவிட்டார்.

வாய் எப்போது திறந்தது என்று சொல்கிறேன், இதைத்தான் உன்னிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை தொடங்கிய சமயம், ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோழிகள் எல்லாம் கூட்டு வாசலில் வந்து அடைத்துக்கொண்டன, முன்னால் போனது உள்ளே போகாமல் நிலைக்கட்டையில் நின்றுகொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது, பின்னால் நிற்பது நனைகிறது, ஒன்றை ஒன்று கொத்துகிறது. நான் அடுப்படியில் விறகை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தோட்டத்திலிருந்து, முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, உள்ள எடம் இருக்கு, வாசல்ல நிக்காதீங்க என்று ஒரு குரல். மகளே, எனக்கு ஒரு கணம் குருநாகல் பஸ் டிப்போவில் நிற்பது போலவே இருந்தது. அதே இழுப்பு, அதே மூக்கொலி, அதே அதட்டல். விறகைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா மழையில் நனைந்துகொண்டு, ஒரு கை கூட்டின் கூரையைப் பிடித்திருக்க, இன்னொரு கையால் கோழிகளின் பின்பக்கத்தைத் தள்ளித் தள்ளி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசிக் கோழி ஏறியதும் கதவைச் சாத்திப் பலகையில் டப் டப் என்று இரண்டு தட்டுத் தட்டி, ரைட் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். தான் பேசியது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல வாயில் கை வைத்துக்கொண்டார். நான் அழுதால் பயந்துவிடுவார் என்று முந்தானையால் தலையைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, தேத்தண்ணி ஆறிப்போகும், வாங்க என்றேன்.

ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் கேட்டேன். மனுஷன் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்கள் தனியாக ஒரு மூலையில் பத்திரமாக இருக்குமாம், விகாரையில் பிரித் ஓதுவது, எண்ணிக்கை, பாட்டு எல்லாம் அப்படித்தானாம், முதலில் அதுதான் வெளியே வருமாம், அம்மா நீங்க கோழிங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் என்று சிரித்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் நம் வீட்டுத் தோட்டம் புத்தளம் பஸ்தான். கொஞ்ச நாளில் அந்த வழியில் பஸ் நிற்கும் ஊர்களையே பெட்டைகளுக்கு அவராகப் பேராக வைத்துவிட்டார். முதலில் ஏறுகிற செம்பட்டைக்கு வாரியபொல, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும் கறுப்புக்குப் பாதெனிய, எப்போதும் சண்டை பிடிக்கும் புள்ளிக்கோழிக்கு நிக்கவெரட்டிய, கடைசி வரை வெளியே நின்று புழு தேடிக்கொண்டிருக்கும் சோம்பேறி வெள்ளைக்குப் புத்தளம். வாரியபொல ஏறு, பாதெனிய ஏறு என்று அவர் கூப்பிட, வேலிக்கு அந்தப் பக்கம் பந்துமதி மாமி, அண்ணன், அனுராதபுரம் போறதுக்கு எங்க மாறணும் என்று கேலி செய்வாள். அவர் சிரிப்பார். ஆனால் கோழியிடம் பேசிய வாய் மனுஷரைக் கண்டால் மூடிக்கொள்ளும். போனை நீட்டினால் பழையபடி கிணற்றடிதான். அதனால்தான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆசை காட்டி ஏமாற்றக் கூடாதென்று.

நாலு பெட்டைக்குத்தானே பேர் சொன்னீங்க, பத்தல்லவா வந்தது என்று கணக்குக் கேட்பாய். அதுதான் அடுத்த கூத்து. ஆவணியிலேயே பந்துமதி மாமி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, ஞானவதி அக்கா, இந்தக் கொண்டையப் பாருங்க, இந்தக் காலப் பாருங்க, ஆறு சேவல் வளக்கிறீங்க நீங்க என்றாள். வில்பட் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொட்டையாத்தான் இருந்துச்சு தங்கச்சி, உங்க வீட்டுத் தண்ணி அப்படி என்றார், வெட்கமில்லாமல். சரி, சேவல் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டால் கார்த்திகையில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கின. வாரியபொல போட்ட முதல் முட்டையைக் கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. அந்தச் சூடு கையில் பட்டதும் எனக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது, சேவலோடு சேர்ந்த முட்டையல்லவா, இதற்குள் ஒரு உயிர் கண் மூடிக் கிடக்கிறதே. பௌர்ணமிப் போயா தோறும் வெள்ளை உடுத்திக்கொண்டு போய், உயிர் எடுக்கமாட்டேன் என்று சீலம் எடுக்கும் வாயால் அதை எப்படி உடைத்துத் தின்பது. கடை முட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை, அந்தக் கோழிகள் சேவலைக் கண்ணால் கண்டதில்லை. இப்படியாக, நாலு பெட்டை முட்டையிடும் வீட்டில் அப்பாவுக்கு முட்டை பொரிக்க நான் சந்திக் கடையில் முட்டை வாங்கினேன். நீ சிரிப்பாய். விகாரைக்குப் போய்த் தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுருவிடமே கேட்டேன், முட்டையில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று. அவர், உபாசிகை, நான் முட்டை போடுறதும் இல்ல, அடை காக்கிறதும் இல்ல, என்னைக் கேக்கிறியே என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

உடைக்கவும் மனசில்லை, அழுக விடவும் மனசில்லை, நிக்கவெரட்டிய அடைக்கு உட்கார்ந்ததும் எல்லா முட்டையையும் அவளுக்கடியில் வைத்துவிட்டேன். உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. குஞ்சு பொரித்தது, வளர்ந்தது, பாதிக்கு மேல் மறுபடியும் கொண்டை. பந்துமதி மாமி நெற்றியில் அடித்துக்கொண்டு, அக்கா, நீங்க புண்ணியம் சேக்கல, சேவல் சேக்கிறீங்க என்றாள். மகளே, வீட்டில் ஒரு சேவல் கூவினால் விடியல். பதினொன்று கூவினால் அது வேறு. ஒன்று தொடங்கினால் மற்றது விட்டுக்கொடுக்காது, விடியலுக்கு முன்னாலேயே போட்டி. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், வாங்குகிறவன் எல்லாம் நாளைக்கே குழம்பு வைப்பான். நேர்த்திக்குச் சேவலை விட்டுவிட்டு வரும் மலையடித் தேவாலேக் கோயிலுக்கு இரண்டைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன், பூசாரி கையெடுத்துக் கும்பிட்டு, அம்மா, இங்க ஏற்கெனவே சாமிக்கே தூக்கம் இல்ல, திருப்பிக் கொண்டு போயிடுங்க என்றார். அதைச் சுமந்துகொண்டு திரும்பி வந்த வழியில்தான் எனக்குப் பொறுமை போனது. ஊர் ஊராகக் கோழி வாங்கிப்போகும் மோட்டார் சைக்கிள்காரனிடம் சொல்லிவைத்தேன். நான் கொல்லவில்லையே, விற்கத்தானே விற்கிறேன், அதற்குப் பிறகு அவன் செய்வது அவன் வினை என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் அரை குறையானது என்று தெரிந்ததால்தான் அப்பா குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து அவனை வரச் சொன்னேன்.

அவன் வந்து மூன்று சேவலைக் காலைக் கட்டி வண்டிக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டான். சேவல் போட்ட கூச்சல் கிணற்றடிக்குக் கேட்டிருக்கிறது. அப்பா ஓடி வந்தார், ஈரச் சாரத்தோடு, தலையெல்லாம் சோப்பு நுரை, வாதம் பிடித்த காலை இழுத்துக்கொண்டு. வந்த வேகத்தில் வண்டியின் இருக்கையில் டப் என்று ஒரு அடி. வாய் கோணிக்கொண்டு போனது, ஒன்றும் வரவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. பிறகு வந்ததே ஒரு சத்தம், இறக்கு, இந்த பஸ் அங்க போகாது, இறக்கு என்று. அந்தக் கோழிக்காரன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், என்ன பஸ் ஐயா, இது ஹோண்டா என்று சிரித்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது மகளே. இப்படி ஒரு சிரிப்புத்தானே அவர் வாயைப் பூட்டியது. இன்றைக்கு மறுபடியும் பூட்டினால் இனி கோழியிடம்கூடப் பேசமாட்டார், என் அவசர புத்தியால் நானே கெடுத்துவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அப்பா கண்ணை மூடினார். நுரை நெற்றியில் வழிகிறது, துடைக்கவில்லை. இருட்டில் படி தேடுகிறவர் போல ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். இது, என் வீட்டு, சேவல். சாக, குடுக்க மாட்டேன். நீ போ. அவ்வளவுதான். கண்டக்டர் சொன்ன சொல் ஒன்றும் அதில் இல்லை, எல்லாம் அவருடைய சொந்தச் சொல். சிரித்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டை அவிழ்த்தான், மன்னிச்சுக்குங்க ஐயா என்றும் சொன்னான், பாவம், அவனும் நல்லவன்தான். வண்டி போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார். நீ, விக்கப் பாத்தியா என்றார். வெட்கம் இல்லை உனக்கு என்றார். நான் திண்டாடித் தெருவில் நிற்கிறேனா, சந்தோஷத்தில் நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் திட்டுங்க, இன்னும் நாலு வார்த்தை திட்டுங்க என்று அவர் சோப்புக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் பந்துமதி மாமியும் மூக்கைச் சிந்துவது கேட்டது.

மறுநாளே வில்பட் மாமாவைக் கூப்பிட்டு, உங்க வால் சோசியத்துக்குத் தண்டனை என்று சொல்லித் தோட்டத்துக் கோடியில் இன்னொரு கூடு கட்டவைத்தேன். யோசனை பந்துமதி மாமியுடையது. சேவலெல்லாம் அங்கே, பெட்டையெல்லாம் இங்கே, நடுவில் வலை. சேவல் கூட்டைச் சாக்குப் போட்டு மூடிவிட்டால் வெளிச்சம் படும்வரை கூவலும் அடங்கிக் கிடக்கிறது, பாதியாவது. பிரித்து வைத்தும் சில வாரம் வரை முட்டையில் சேவலின் வாசம் இருக்குமாம், அதுவரை பொறுத்து, அதற்கும் மேல் ஒரு வாரம் என் மனசுக்காகப் பொறுத்து, போன பௌர்ணமி கழிந்த மறுநாள் பாதெனிய போட்ட முட்டையைச் சட்டியில் உடைத்தேன். மஞ்சள் கரு எப்படி இருந்தது தெரியுமா, கடை முட்டை எல்லாம் அதன் முன்னால் சோகை பிடித்தது. பொரித்து அப்பாவின் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன், இத்தனை பாட்டுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று. ஒரு வாய் தின்றுவிட்டு, உப்பு என்றார். போடாமல் விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் இப்படித்தான், ஒரு சொல், இரண்டு சொல், சில சமயம் நாலைந்து சேர்ந்து வரும், சில சமயம் தப்பாக வரும். தப்பாக வந்தால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேடுகிறார், முன்போல எழுந்து போவதில்லை. போன வாரம் சந்திக் கடைக்குத் தனியாகவே போய் மீன் டின் வாங்கி வந்தார். என்ன சொல்லி வாங்கினீங்க என்று கேட்டேன். டின்னை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் இல்ல என்றார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவரும் சிரித்தார்.

இனி நான் சொல்வதுதான் உனக்கான செய்தி. எல்லாச் சொல்லும் மெல்ல மெல்லத் திரும்பியும் உன் பேர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. பெத்த பிள்ளைக்கு வாயில் நுழையாத பேரை வைத்தவரும் அவர்தான், விகாரைக்குப் போய்ப் பேருக்கு முதல் எழுத்துக் கேட்டு வந்து. உன் படத்தைக் காட்டுவார், நெஞ்சைத் தொடுவார், வாயைத் திறப்பார், வேறு ஏதாவது வரும், உடனே முகம் சுருங்கிவிடும். போனில் உன்னிடம் வராததற்குக் காரணம் இதுதான் மகளே. கோபமுமில்லை, வீம்புமில்லை. உன்னைத் தப்பான பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவோமோ என்று அந்த மனுஷனுக்குப் பயம். முந்தாநாள் சாயங்காலம் வழக்கம்போலக் கோழிகளை ஏற்றினார். வாரியபொல ஏறினாள், பாதெனிய ஏறினாள், நிக்கவெரட்டிய தன் பெட்டைக் குஞ்சுகளோடு ஏறினாள், புத்தளத்தைத் தேடிப் பிடித்துத் தூக்கிப் போட்டார். கதவைச் சாத்தினார். பலகையில் டப் என்று ஒரு தட்டு. நான் அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. கை பலகை மேலேயே இருந்தது. என்ன, ஏதாவது வெளிய நிக்குதா என்று கேட்டேன். ஒரு ஆள் கொறையுது என்றார். நான் குனிந்து கூட்டுக்குள் எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்தன, எல்லாம் ஏறியாச்சு, ரைட் சொல்லுங்க என்றேன். இல்லை என்று தலையாட்டினார். பாதையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒரு எழுத்தும் பிசகாமல், உபேக்ஷா என்றார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தோ என்னவோ இன்னொரு தடவையும் சொன்னார், உபேக்ஷா இன்னும் ஏறல.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை ஓடவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டாதே, எடுத்த வேலையை முடித்துக்கொண்டு மரியாதையாக விடைபெற்று வா, அந்தக் கிழவியும் உன்னை நம்பித்தான் இருக்கிறாள். அவளைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. சமைக்க அலுப்பாக இருக்கிறது என்று ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதே. பொட்டலத்தில் கித்துள் கருப்பட்டியும், வறுத்துப் பொடித்த மாசிக் கருவாட்டுச் சம்பலும், கொஞ்சம் கொத்தமல்லியும் வைத்திருக்கிறேன். முட்டை வைக்க முடியவில்லை என்றுதான் குறை, வந்து தின்னு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடாமல் இங்கே சாயங்காலம் ஆகும் நேரத்தில் கூப்பிடு, உனக்கு அங்கே கிழவி மதியம் கண்ணயரும் நேரம்தான், அப்போது அப்பா கூட்டடியில் இருப்பார், அங்கே நின்றால்தான் அவருக்கு வாய் எளிதாக வருகிறது. போனை எடுத்ததும் நீ அழுது தொலைக்காதே. அவர் சொல் தேடும்போது நீயாக எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. புத்தாண்டு வருகிறது, நல்ல நேரம் பார்த்து அடுப்பேற்றிப் பால் பொங்கும்போது உனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். உனக்கு நோய் நொடி அண்டாதிருக்கட்டும், போகிற வழியெல்லாம் நல்ல மனுஷரே எதிர்ப்படட்டும்.

இன்னும் ஒன்று. முந்தாநாளிலிருந்து அப்பா கூட்டைச் சாத்தியதும் ஒரு தட்டுத்தான் தட்டுகிறார். இரண்டு தட்டினால் போகலாம், ஒன்று தட்டினால் நில் என்று உனக்குத் தெரியும், நீ கண்டக்டர் மகள். அவசரமில்லை மகளே, நிதானமாக வா. உனக்காக பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்.

உன் வருகையை எண்ணியிருக்கும்
அம்மா,
ஞானவதி